ராசியான ஹெலிகாப்டர்

'ராசியான வண்டி' என்று சிலதைச் சொல்வோம் இல்லையா? பிரிட்டிஷ் விமானப் படையிலும் அப்படி ஒன்று இருந்தது. சினூக் ரக ஹெலிகாப்டர். பெயர், பிராவோ நவம்பர்.

1982, ஃபாக்லாந்து போர். மே 25 அன்று அட்லாண்டிக் கன்வேயர் என்ற கப்பலை அர்ஜென்டினாவின் எக்ஸோசெட் ஏவுகணை தாக்கியது. 12 பேர் பலி. கப்பலில் நின்ற மூன்று சினூக்குகள் நாசம். இது மட்டும் அந்த நேரம் வானத்தில் இருந்தது. தப்பிச்சாச்சு! ராசி என்ற பேர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பாருங்கள், உதிரி பாகங்கள், டூல்ஸ், கையேடுகள் எல்லாம் கப்பலோடு போச்சு. மெக்கானிக்குகள் கையில் கிடைத்ததை வைத்தே போர் முடியும்வரை அதைப் பறக்க வைத்தார்கள். சுமார் 1,500 வீரர்கள், 600 டன் சரக்கு, 650 கைதிகள். ஒரே நடையில் 81 பேரை அடைத்துக்கொண்டு போனதும் உண்டு.

அப்புறம் இராக், ஆப்கானிஸ்தான். அதை ஓட்டிய நாலு பேருக்கு வீரப் பதக்கம். 2022-ல் காஸ்ஃபோர்ட் மியூசியத்துக்குப் போய்விட்டது. காமர்ஸ் படித்தவன் கணக்கில், தேய்மானம் போக அதன் மதிப்பு என்றைக்கோ பூஜ்யம்! நாற்பது வருஷம் பறந்ததென்றால், யாரோ விடாமல் நட்டு முடுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பதக்கத்தில் எனக்குத் தகராறு இல்லை. உயிரைப் பணயம் வைத்தவருக்குக் கொடுக்க வேண்டியதுதான். ராசி என்கிற வார்த்தைதான் உறுத்துகிறது. அதைச் சொன்ன மாத்திரத்தில், ஸ்பேனர் பிடித்தவன் கணக்கிலேயே வராமல் போகிறான். அதுகூடப் பரவாயில்லை. தப்பிய இரும்புக்கு ராசி உண்டென்றால், அன்றைக்கு அந்தக் கப்பலில் செத்த 12 பேரை என்னவென்று சொல்வீர்கள்?