எல்லாளன் வீழ்ந்த நிலம்

போர் நிகழ்ந்த நிலத்தைக் காணச் செல்லுதல் தக்கதோ, பிறர் சாவை வேடிக்கை பார்ப்பதாய் முடியுமோ என்னும் வினா, களுபோவிலையினின்று உபாத்தியாயர் சிலருடன் யாம் அநுராதபுரத்துக்குச் சென்றபோது எழுந்தது. உண்ணவும் உறங்கவும் இடமமைந்த மோட்டார் வண்டியாதலின் வழியில் இறங்கவேண்டிய அவசியமே நேர்ந்திலது. குருநாகலைக் கடந்தபின் இருமருங்கும் வயலும் குளமுமே.

அமெரிக்க தேசத்துப் பென்சில்வேனியாவிற் பிரயாணஞ் செய்வோர்க்கும் இவ்வினா எழக்கூடும். படையிற் சேராமையைச் சமய விரதமாகக் கொண்டு, குதிரை பூட்டிய வண்டியிற் செல்லும் ஆமிஷ் உழவர் வாழும் லங்காஸ்டர்ப் பகுதியினின்று மேற்கே சென்றால் கெற்றிஸ்பேர்க் என்னும் போர்க்களம் உளது. 1863ஆம் ஆண்டு யூலை மாதத்து முதல் மூன்று நாளில் அங்கே இறந்தோரும் காயமுற்றோரும் சிறைப்பட்டோரும் காணாமற்போனோரும் ஏறக்குறைய 50,000 பேராவர். கொல்லாமை காக்கும் ஊரையும் கொலைக்களத்தையும் ஒரே யாத்திரையிற் கண்டு மீள்வோர் பலர்.

எமக்கோ அநுராதபுரத்துத் தென்வாயிற்புறமே களமாயிற்று. கி.மு. 161இல் எல்லாளனும் துட்டகைமுனுவும் யானைமீதிருந்து பொருதனர், எல்லாளன் வீழ்ந்தான். அவன் 44 ஆண்டு நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப முறைசெய்தான் என மகாவம்சமே கூறும். திருவாரூர்ச் சோழனைப்பற்றிப் பெரியபுராணத்தில் யாம் கற்பிக்கும் ஆன்கன்றின் கதையை அந்நூல் எல்லாளன்மேல் வைத்துரைத்தல் உபாத்தியாயர் அறிந்ததே. வென்ற அரசன் பகைவனுக்கு ஈமக்கடன் செய்வித்து, அவ்விடத்தில் நினைவுச்சின்னம் எடுப்பித்து, அதனை வழிபடுமாறு கட்டளையிட்டான் என்றும், பிற்காலத்து அரசரும் அதனை அணுகியபோது வாத்திய முழக்கத்தை நிறுத்தினர் என்றும் அது சொல்லும்.

உடன்வந்த அன்பர் ஒருவர், "கொன்றபின் செய்யும் மரியாதையால் மாண்டவனுக்கு வந்த பயன் யாது? வென்றவன் தன் புகழுக்கே அணிசெய்தான்" என்றார். அவர் கூற்றில் உண்மையில்லாமற் போகவில்லை. மாண்டவன் அம்மரியாதையைக் கேளான். ஆயினும் அக்கட்டளை யார்மேல் விழுந்தது? உரத்து முழக்க உரிமையுடையேம் எனக் கருதிய வென்றவன் குடிகள்மேலன்றோ! தோற்றவர் மரபினேம் எனக் கருதும் எமக்கும் ஒரு முழக்கம் உண்டு. எல்லாளன் பாடம் வரும்போது வகுப்பறையில் எம் குரல் உயர்கின்றது. மாணாக்கர் நெஞ்சும் நிமிர்கின்றது. அவன் நீதியைப் புகழ்கின்றேமோ, அவனைக் கருவியாக்கி அயலானை இகழ்கின்றேமோ? யாமும் பன்முறை பின்னதையே செய்திருக்கின்றேம்.

இனி, எல்லாளன் சமாதி என நெடுங்காலம் கருதப்பட்ட மேட்டைத் தக்கிண தூபம் என்னும் பௌத்த தூபியெனப் பரணவிதானர் துணிந்தனர். ஆயின் எங்கே வணங்குவது? இதற்கு விடை 1818ஆம் ஆண்டுச் செய்தியொன்றில் உளது. ஆங்கிலேயர்க்கெதிரான கலகந் தோற்றபின் தப்பியோடிய பிலிமத்தலாவை என்னும் பிரதானி, உடல் தளர்ந்திருந்தும், இவ்வயலிற் பல்லக்கினின்று இறங்கினாராம். சின்னம் நின்ற இடம் செவ்வையாய் அறியாமையால், அதனைக் கடந்துவிட்டேம் என்று உறுதிப்படும்வரை நடந்தே சென்றனராம். போபர்சு என்னும் ஆங்கிலேயர் இதனை 1840இல் வெளியான தம் நூலில் எழுதினர். துரத்தும் படை பின்னே வர, வேறு மரபினனான ஓரரசனுக்காக இவ்வாறு நடந்தவரை யாம் வகுப்பிற் சொல்வதேயில்லை.

எம் வண்டியில் அப்போது நாதசுர இசைத்தட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. முன்னே வினாவிய அன்பரே அதனை நிறுத்தினார். "எவ்விடத்தில் இறக்கவேண்டும்?" என்று சாரதி கேட்டார். "இடம் தெரியாது, இங்கேயே நிறுத்தும்" என்றார் அவர். வெயில் கடிதாயிருந்தது. வண்டி வெறிதே பின்னால் ஊர்ந்துவர, யாம் தென்வாயில் இருந்த திசை நோக்கி நடந்தேம்.