தாழியும் படுக்கையும்

இலுப்பூரை அடுத்த அன்னவாசல், சித்தன்னவாசல் பகுதியில் இரும்புக் காலத்துக் கல்வட்டங்கள் உள்ளன. வட்டத்துக்குள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்லறைகள். சிலவற்றில் தாழிகள். எலும்புகளோடு மட்கலங்களையும் இரும்புக் கருவிகளையும் வைத்துப் புதைப்பது அக்கால வழக்கம். இறந்தவருக்குத் தேவைகள் உண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் கலம் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இவ்வகைக் கல்லறைகள் பலவற்றில் ஒரு பலகையில் வட்டமான இடுதுளையும் இருக்கிறது. உயிர் வந்துபோகும் வழி என்பார்கள் சிலர். பின்னால் இறந்தவரின் எலும்பை உள்ளே இட என்பார்கள் வேறு சிலர். முதல் விளக்கம் சரியானால், இறந்தவர் உள்ளே இருக்கிறார், அடைபட்டு இல்லை என்றாகிறது.

புறநானூற்றின் 256ஆம் பாட்டில் துணையை இழந்த பெண், தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனையும்படி குயவனிடம் கேட்கிறாள். அவளுக்குத் தாழி இருவர் தங்கும் இடம்.

அதே சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் வழவழப்பான 17 கற்படுக்கைகள் உள்ளன; ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. சமணத்தில் உயிர் உடலை விட்டதும் வினைக்கேற்ப வேறு பிறவிக்குப் போய்விடும். உண்ணாநோன்பால் உடலைத் துறப்பதும் அந்நெறியில் அறமே. இக்கணக்கில் கல்லறைச் சோற்றுக்கு வேலையே இல்லை.

நம்பிக்கை மாறும்போது கல்லறையும் மாறுவது கொரியாவின் கியோங்ஜு நகரில் தெளிவாகத் தெரிகிறது. பழைய சில்லா நாட்டு அரசர்களின் பெரிய கல்லறை மண்மேடுகள் இன்றும் ஊர் நடுவே நிற்கின்றன. ஒன்றை 1973இல் அகழ்ந்தபோது பொன்முடி கிடைத்தது. 527இல் பௌத்தம் அரச ஏற்புப் பெற்றது. அதன்பின் கல்லறைகள் சிறுத்து மலையடிவாரம் போயின. 681இல் இறந்த முன்மு அரசரை எரித்தார்கள்.

தமிழகத்துக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. பௌத்த நூலான மணிமேகலையே சுடுதல், வெறுமனே இட்டுவிடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐந்தையும் ஒரே சுடுகாட்டில் காட்டுகிறது. புதிய கொள்கை வந்தும் பழைய கை நிற்கவில்லை. மறுபிறவியை நம்பும் வீடுகளிலும் ஆடி அமாவாசையன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கிறார்கள்.