மேலிருந்து பார்ப்பவரின் கடமை

பஞ்சாபில் நெல் அறுவடை முடிந்ததும் தாளுக்குத் தீ வைக்கிறார்கள். பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்துபோகும் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அந்தத் தீயைப் பதிவுசெய்கின்றன. தகவல் கிடைத்ததும் அதிகாரிகள் ஊருக்கு வருகிறார்கள், அபராதம் விதிக்கிறார்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை இரட்டிப்பாக்கியது. ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர் இப்போது 30,000 ரூபாய் கட்ட வேண்டும். நில ஆவணத்தில் 'சிவப்புப் பதிவு' ஏறிவிட்டால் அந்த நிலத்தின் மேல் கடன் வாங்குவதும் கடினம்.

அந்தப் புகையைச் சுவாசிக்கும் டெல்லிக் குழந்தைகளை நினைத்தால் கண்காணிப்பே கூடாது என்று யாராலும் வாதாட முடியாது. ஆனால், வானிலிருந்து கிடைத்த தகவலை ஒரு மனிதர்மேல் குற்றமாகச் சுமத்துவதற்கு முன் அவருக்கு என்ன செய்து கொடுத்திருக்கிறோம்?

தீயைக் காணும் உணர்கருவிகளில் ஒன்றின் ஒரு புள்ளி, தரையில் 375 மீட்டர் நீள அகலம். ஏறத்தாழ 35 ஏக்கர். சிறு விவசாயிகள் பத்துப் பேரின் வயல் அதற்குள் அடங்கிவிடும். யார் வயலில் எரிந்தது என்று அந்தப் புள்ளி சொல்லாது. செயற்கைக்கோள் போன பிறகு பற்றவைத்தவர் அதன் கண்ணில் படுவதும் இல்லை. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் வந்த சட்டம் நெல் நடவையும் அதனால் அறுவடையையும் தள்ளிப்போட்டதால், கோதுமை விதைக்குமுன் வயலைச் சுத்தம் செய்யக் கிடைப்பது சில வாரங்களே. இந்த நெருக்கடி எந்தப் படத்திலும் பதிவாவதில்லை.

1986-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற தொலையுணர்வுக் கோட்பாடுகள், படமெடுக்கப்பட்ட நாடு அந்தத் தரவைப் பாகுபாடின்றி, நியாயமான விலையில் பெறலாம் என்கின்றன. உரிமை நாட்டோடு நின்றுவிட்டது, வயல்காரர் வரை வரவில்லை. இந்திய விண்வெளிக் கொள்கை 2023-இன்படி, ஒரு புள்ளி 5 மீட்டரும் அதற்கு மேலும் அளவுள்ள மங்கலான படங்கள் எல்லோருக்கும் இலவசம். அதைவிடத் துல்லியமானவை அரசுத் துறைகளுக்கு இலவசம், மற்றவர்களுக்கு விலைக்கு. குற்றம் சாட்டும் தரப்புக்குத் தெளிவான படம் சும்மா கிடைக்கிறது. தன் வயல் எரியவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அதற்குக் காசு கொடுக்க வேண்டும். இது அநீதி.

வானத்துப் புள்ளி விசாரணையைத் தொடங்கிவைக்கலாம், அதுவே தீர்ப்பாகிவிடக் கூடாது. அபராத நோட்டீஸோடு எந்தப் படத்தை வைத்து அது வந்ததோ அந்தப் படமும், எடுத்த நேரமும், அதன் துல்லிய அளவும் இலவசமாகச் சேர வேண்டும். மறுப்புச் சொல்ல அவகாசமும் தர வேண்டும். விண்வெளித் தரவுக்கு இனி எழுதப்படும் எந்தச் சட்டத்திலும் இந்த உரிமையை முதலில் எழுதுங்கள்.