குற்றம் நொதியினதா?

மனிதன் செய்யும் தீமைக்கு வேர் அவன் மனமா, மூளையின் வேதியியலா?

நம் நரம்பணுக்கள் செரடோனின் முதலிய வேதிப்பொருள்களால் செய்தி பரிமாறுகின்றன. அப்பொருள்களைச் சிதைத்து அடங்கச் செய்வது மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி. அதன் ‘ஏ’ வகை செயலற்றுப்போன ஆண்கள் சிலர் கட்டுக்கடங்காச் சினம் கொள்வதை 1993-இல் ஒரு டச்சுக் குடும்பத்தில் ப்ரூனர் குழுவினர் கண்டனர். 1995-இல், அந்நொதியின்றிப் பிறந்த ஆண் சுண்டெலிகளும் மூர்க்கம் காட்டின.

அப்படியாயின் குற்றம் நொதியினதா? 2002-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு வேறொன்றையும் சொன்னது. நொதி குறைந்த ஆண்களுள், சிறுவயதில் கொடுமைக்குள்ளானோரே வன்முறையை மிகுதியும் நாடினர். கொடுமை அறியாது வளர்ந்தோரிடம் அக்குறை அவ்வாறு வெளிப்படவில்லை.

உடலியல்பை உறவு திருத்தும் என்பதற்கு நம்மருகிலேயே சான்றுண்டு. நாகமலை புதுக்கோட்டையை அடுத்த காமராசர் பல்கலைக்கழகத்தில் மாரிமுத்து, சந்திரசேகரன் முதலியோர் வௌவால்களை ஆராய்ந்து 1981-இல் எழுதினர். இருட்குகையில் அடைபட்ட வௌவால், அந்தி தோறும் வெளியேறும் தன் இனத்தோடு தன் உடற்கடிகாரத்தை ஒத்திசைத்தது. இனமற்ற குகையில் அது தன்போக்கில் விலகியோடியது.

அச்சம், பழக்கம், உளவியல், சமூகக் காரணிகள் ஒருவரது பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் கூடும் என்கிறது 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல். எனவே தவறியவனைத் தீர்ப்பிடுமுன், அவனை அடித்து வளர்த்த கைகளையும், கண்டும் வாளாவிருந்த அண்டையாரையும் எண்ணுவோம். நொதியை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. பிள்ளையை நடத்தும் முறையை நாமே தேர்கிறோம்.