வெள்ளக் கணக்கு ஆற்றிலா, ஏட்டிலா?

2006 டிசம்பரில் ஜொகூர் ஆறு கரைபுரண்டு கோத்தா திங்கிக் கடைத்தெருவுக்குள் புகுந்ததை நம் வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். "100 ஆண்டில் ஒரு முறை வரும் வெள்ளம்" என்று அப்போது எங்கும் ஒரே பேச்சு. சேற்றை வாரிக் கொட்டிவிட்டு அரிசி மூட்டைகளை மறுபடியும் தரையிலேயே அடுக்கிய மளிகைக் கடைக்காரர் ஒருவர், "இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தானே, நானா!" என்றார். 2007 ஜனவரியில் இரண்டாம் வெள்ளம் வந்தது. அந்த மூட்டைகளும் போயின.

அவரை ஏமாற்றியது ஆறா, எண்ணா?

100 ஆண்டில் ஒன்று என்பது தவணை அன்று. ஒவ்வோர் ஆண்டும் 100-ல் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அதன் பொருள். போன வெள்ளத்தை ஆறு வரவு வைத்துக்கொள்வதில்லை. 30 ஆண்டுகள் ஒரே இடத்தில் கடை நடத்துகிறவருக்கு அது ஒரு முறையேனும் வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு உண்டு. நாலில் ஒன்று! இதை அறிந்தவர் மூட்டையைத் தரையில் வைப்பாரா?

சரி, அந்த ஒரு பங்கு எங்கே இருக்கிறது? சில பத்தாண்டு மழைக் கணக்கு ஏட்டிலிருந்து எடுத்தது அது. புதிய வெள்ளத்தை எழுதிச் சேர்த்தால் எண் மாறுகிறது. ஆறோ அதே ஆறுதான். மேலே காட்டை அழித்தால் ஆறே மாறுகிறது. பழைய ஏடு அதை அறியாது. எல்லாம் அறிந்த ஓர் அறிவுக்கு வாய்ப்பு என்ற பேச்சே இராது என்று பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் 1814-ல் எழுதினார். 1957-ல் அமெரிக்கரான ஜேன்ஸ், வெப்பவியலார் என்ட்ரோபி என்று அளக்கும் ஒழுங்கின்மையையும் நம் அறியாமையின் அளவாகவே கொண்டார். பழைய அரிசியும் புது அரிசியும் கலந்துவிட்டால், பேதம் தெரியாதவருக்கு ஒன்றும் கெடவில்லை. பிரியாணி ஆக்குகிறவருக்கோ பெரு நஷ்டம்.

ஆனாலும் பூட்டிய கடைக்குள் வைத்த தேநீர் எவர் அறியாவிட்டாலும் ஆறத்தான் செய்யும். இரண்டு ரேடியம் அணுக்களில் எது முந்திச் சிதையும் என்று சொல்லும் ஏடும் இன்றுவரை எவரிடமும் இல்லை. ஆகவே வாய்ப்பு முழுவதும் நம் தலைக்குள்தான் என்று சொல்லிவிட நமக்குத் துணிவில்லை. வெள்ளத்தைப் பொறுத்தமட்டில், தண்ணீர் ஆற்றினுடையது, எண் ஏட்டினுடையது என்றே கருதுகிறோம்.

அந்த மளிகைக் கடைக்காரர் பிறகு இடுப்பளவு உயரத்தில் பலகை அடித்து மூட்டைகளை ஏற்றினார். "இது போதுமா, நானா?" என்று கேட்டார். எத்தனை வருஷத்து ஏட்டைப் பார்த்து அடித்தீர்கள் என்று நாமும் கேட்டோம்.