அபிநயமும் மெய்யுணர்வும்

மேடையில் நின்று ஒருவன் அழுகிறான். அவனுக்கு அப்பொழுது துயரம் ஏதுமில்லை. அங்ஙனமாயின் அக்கண்ணீர் பொய்யன்றோ? உற்சவ காலங்களில் பிரஹ்லாத சரித்திரம் முதலிய நாடகங்களைக் கண்டு உருகும் ஆஸ்திகர்கள் சிந்திக்கத்தக்க கேள்வி இது.

இக்கேள்வியைப் பரதமுனிவரே நாட்டிய சாஸ்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் எழுப்புகிறார். அபிநயம் ஆங்கிகம், வாசிகம், ஆஹார்யம், ஸாத்விகம் என நான்கு வகைப்படும். அங்க அசைவும் வாக்கும் வேஷமும் பயிற்சியால் அமைவன. கண்ணீர், மயிர்க்கூச்சு, குரல் தழுதழுத்தல் முதலிய ஸாத்விக பாவங்கள் எட்டும் மனம் ஒருமைப்பட்டாலன்றித் தோன்றா. வேறெங்கோ மனத்தை வைத்தவன் அவற்றைக் காட்டவியலாது என்பது முனிவர் தரும் விடை.

மனம் எதில் ஒருமைப்பட வேண்டும்? ருஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி (1863–1938), நடிகன் தன் வாழ்வில் பட்ட உணர்ச்சியை நினைவில் மீட்டுக்கொள்ளும் பயிற்சியை முதலில் வகுத்தார். பிற்காலத்தில், பாத்திரத்தின் நிலையறிந்து அதற்குரிய செயலைச் செவ்வனே செய்தால் உணர்ச்சி தானே பின்தொடரும் என்பதையே வற்புறுத்தினார்.

நம் ஸம்பிரதாயத்தில் இதற்கோர் அழகிய சான்றுண்டு. கண்ணன் அப்பூச்சி காட்டும் பெரியாழ்வார் பாசுரத்தை உடையவர் திருமுன்பே அரையர் அபிநயித்தபோது, ஊர்ப்பிள்ளைகள் அச்சுறுத்துமாப்போலே கண்ணிமைகளை மடித்துக் காட்டினார். உடையவருக்குப் பின்னே எழுந்தருளியிருந்த எம்பார், தம் திருக்கைகளைத் தோள்களுக்கு நேரே உயர்த்திச் சங்கு சக்கரங்களைக் குறிப்பித்தார். அரையரும் அவ்வண்ணமே அபிநயித்தார். அது எம்பாரின் குறிப்பென்பதை உடையவர் உடனே உணர்ந்தருளினாராம்.

இமையை மடித்ததும் பொய்யன்று. எந்தக் குழந்தைக்கும் அது பொருந்தும். ஆனால் அப்பூச்சி காட்டுபவன் ஸர்வேச்வரன். அவன் இன்னான் என்று அறிந்தபின்னரே அபிநயம் மெய்யாயிற்று. ஆதலின் மேடையில் உண்மை என்பது நடிகனது சொந்தத் துயரத்தின் அளவன்று. தான் ஏற்ற பாத்திரத்தை அவன் அறிந்த அளவேயாம். முத்துக்குறி அபிநயத்தில் அரையர் ஒருவரே அதே குல்லாயோடும் தாளத்தோடும் தாயாகவும் மகளாகவும் கட்டுவிச்சியாகவும் நிற்கிறார். வேஷம் மாறாதிருந்தும் ஸேவிப்போர் மூவரையும் காண்கின்றனர்.

இஃது நடிகர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. ஸந்நிதியில் நாம் கைகூப்புவதும் தண்டனிடுவதும் ஆங்கிகமே. ஸ்தோத்திரம் சொல்வது வாசிகமே. திருமண் தரிப்பது ஆஹார்யமே. நான்காவது இல்லையேல் இம்மூன்றும் வெறும் நடிப்பாய் முடியும். அதற்காகக் கண்ணீரை வலிய வரவழைக்க வேண்டா. வரவில்லையே என்று ஏங்கவும் வேண்டா. மேனாம்பேட்டு உற்சவத்தில் கூடியிருக்கும் அடியார்கள், திரை விலகும்போது எதிரே எழுந்தருளியிருப்பவன் யார் என்பதொன்றிலே நெஞ்சை நிறுத்துவார்களாக. மற்றவை தாமே தொடரும்.