ஜன்னல் கொக்கி

குக்கருக்கு வெயிட் போடுவதற்கு முன் எழுந்துபோய் அடுப்படி ஜன்னலைச் சாத்திக் கொக்கி மாட்டினேன். யாரும் மாட்டச் சொல்லவில்லை. நடந்து ஒரு வாரம் ஆகிறது. அந்தக் கொக்கி இன்னும் மனசை விட்டு இறங்கவில்லை.

திருச்சானூரில் வாடகை வீடு. பத்மாவதித் தாயார் கோயில் நடந்துபோகிற தூரம். காய்ச்சல் விட்ட மகள் வாய்க்கசப்போடு கிடந்தாள். ஆம்பூரிலிருந்து வந்த தம்பி ஐஸ் வைத்து எலும்போடு அரைக் கிலோ பெரிய கறி கொண்டுவந்திருந்தான். எங்கள் பக்கம் மாட்டுக்கறிக்கு அதுதான் பெயர். தெலுங்கிலும் ‘பெத்த கூர’ என்கிறார்கள். இரண்டு பாஷையும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி மாட்டின் பெயரைச் சொல்லாமல் நழுவுகின்றன.

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுத்தான் சூடேற்ற வேண்டும். கொதிநீரில் போட்டால் அழுக்கு நுரை சாற்றிலேயே கலங்கிவிடும். நுரையை வழித்துக் கொட்டிவிட்டு, தட்டிய மிளகு, சீரகம், இஞ்சி, சின்ன வெங்காயம். எட்டு விசில். எலும்பைப் பிடித்திருக்கும் சவ்வு கரைந்து, சாறு விரலில் ஒட்டுகிற பதம் வந்த பிறகுதான் கேரட்டும் பீன்ஸும். முன்னாலேயே போட்டால் கூழாகிவிடும்.

காயை அள்ளிப் போடும்போது அப்பா ஞாபகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயர் கூடையின் அடியில் கறி, மேலே முள்ளங்கிக் கீரை. கீரைக்கு அடியில் என்ன என்று தெருவுக்கே தெரியும். தெருவுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் கீரை வாங்காமல் வரமாட்டார். அதை அம்மா கடைந்ததாக நினைவில்லை. ஆட்டுக்குத்தான் போயிருக்கும்.

பிரியாணிக்குப் பேர்போன ஆம்பூரில்தான் இது. 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் அங்கே பிரியாணித் திருவிழா அறிவித்தது. பீஃப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்று எதிர்ப்பு கிளம்பவே, மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. ஆந்திரத்தில் 1977ஆம் வருடச் சட்டம் பசுவை வெட்டக் கூடாது என்கிறது. சான்றிதழ் பெற்ற கிழட்டு எருமைக்கு வழி உண்டு. தம்பி கொண்டுவந்தது எருமைதான். ஆனால் கொக்கி மாட்டிய கை சட்டத்தை யோசித்தது என்று சொன்னால் பொய்.

கை என்றதும் கல்லூரியில் அரைகுறையாகப் படித்த புறநானூறு. கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்த சேரன், இவ்வளவு மென்மையாக இருக்கிறதே என்கிறான். கறியும் சோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை அறியாத கை, அதனால் மென்மை என்கிறார் கபிலர், ராஜாவின் முகத்துக்கு நேராக. அந்தப் பாட்டில் எந்த ஜன்னலும் சாத்தியிருக்கவில்லை.

ஆறாவது விசிலில் மாடிவீட்டு அவ்வா கதவைத் தட்டினாள். கையில் மகளுக்கென்று கோயில் பிரசாதம்.

“ஜன்னலை ஏம்மா மூடி வச்சிருக்கே? புழுங்கல?”

“குழந்தைக்குக் காத்து ஆகாது அவ்வா.”

“மிளகு வாசன நல்லா வருது” என்றாள். கொஞ்சம் நின்று, படியேறிப் போய்விட்டாள். தெரிந்து சொன்னாளா? அவள் மனம் கோணக் கூடாது என்று சாத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். அப்படியானால் மரியாதை. வீடு காலி செய்யச் சொல்வார்களோ என்று சாத்தியிருந்தால்? அப்பாவின் கீரையும் இதில் எந்த வகை என்று பிடிபடவில்லை.

மறுநாள் மீந்த சூப்பைச் சூடாக்கினேன். ஜன்னல் திறந்தே இருந்தது. துணிந்துதான் திறந்து வைத்தேனா, ஃபிரிட்ஜில் இருந்த சூப்புக்கு மணம் குறைவு என்று தெரிந்து விட்டேனா, எனக்கே சரியாகத் தெரியவில்லை.